ரியோகானில் ஓர் இரவு: முன்பதிவிலிருந்து காலை வெந்நீர் வரை

ஜப்பானின் பாரம்பரிய விடுதியான ரியோகானுக்கு இரவு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்து, படுத்து எழுந்து, காலை ஏழு மணி ரயிலைப் பிடிக்கிறவர் கொடுத்த காசில் பாதியைத் தண்ணீரில் விட்டவர். தத்தாமி பாய் பரப்பிய அறை, இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு, வெந்நீர் ஊற்றுக் குளியல், உடுத்திக்கொள்ள யுகாத்தா எனும் பருத்தி அங்கி எல்லாம் சேர்த்துத்தான் விலை போட்டிருக்கிறார்கள். இவை அத்தனையும் பிற்பகல் மூன்று மணிக்கும் மறுநாள் காலை பத்து மணிக்கும் நடுவே, அந்த வீட்டுக்காரர்கள் வகுத்த நேரப்படி நடக்கும். அதனால் ரியோகானில் தங்கும் நாளில் வேறு சுற்றுலாத் திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மணிக்கே வாசலில் நில்லுங்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. ரியோகான் என்றாலே ஒன்சென், அதாவது ஊற்று நீர்க் குளியல், இருக்கும் என்பதில்லை. கியோட்டோ நகருக்குள் இருக்கும் பல ரியோகான்களில் சாதாரணத் தண்ணீரைக் காய்ச்சித்தான் தொட்டியில் விடுகிறார்கள். ஒன்சென் என்ற பெயருக்குச் சட்டம் இருக்கிறது. 1948-ல் வந்த ஒன்சென் சட்டப்படி, நிலத்தடியிலிருந்து வரும் நீர் ஊற்றுவாயில் குறைந்தது 25 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். இல்லையென்றால் சட்டம் பட்டியல் போட்டிருக்கும் 19 பொருள்களில் ஒன்றாவது சொன்ன அளவுக்குக் கலந்திருக்க வேண்டும். ஆகவே குளிர்ந்த ஊற்றைச் சூடாக்கி விட்டாலும் ஒன்சென்தான். உடை மாற்றும் அறையின் சுவரில் அந்த நீரின் பரிசோதனைச் சான்று தொங்கும். ஊற்று நீரை மறுசுழற்சி செய்யாமல் தொடர்ந்து வழிய விடும் தொட்டிக்கு 'கக்கெனகாஷி' என்று பெயர். ரியோகான் விளம்பரத்தில் அந்தச் சொல் இருந்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம்.

எந்த ஊர்?

டோக்கியோவிலிருந்து போகிறவர்களுக்கு ஹக்கோனே எளிது. ஷின்ஜுக்கு நிலையத்திலிருந்து ரொமான்ஸ்கார் ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹக்கோனே-யுமோட்டோ வந்துவிடும். ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு எங்கள் தேர்வு ஹியோகோ மாவட்டத்தின் கினோசாக்கி. கியோட்டோவிலிருந்து விரைவு ரயிலில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். ஊர் நடுவே ஓடை, கரையில் வில்லோ மரங்கள், நடக்கும் தூரத்தில் ஏழு பொதுக் குளியல் வீடுகள். ரியோகானில் தங்குகிறவர்களுக்கு ஏழுக்கும் இலவச அனுமதிச் சீட்டு தருவார்கள். ஊரே யுகாத்தா கட்டிக்கொண்டு மரக்கட்டைச் செருப்பைத் தட்டிக்கொண்டு தெருவில் நடப்பதால், புதிதாக வந்தவருக்குக் கூச்சம் சீக்கிரம் போய்விடும். பச்சை குத்தியவர்களையும் அந்த ஏழு வீடுகளில் அனுமதிக்கிறார்கள். ஜப்பானில் இது எல்லா இடத்திலும் கிடைக்காத வசதி. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே நண்டுக் காலம். விலை ஏறும், சாப்பாடு முழுக்க நண்டாக இருக்கும். நண்டு வேண்டாதவர்கள் மற்ற மாதங்களில் போகலாம்.

குன்மா மாவட்டத்தின் குசாத்சுவில் நீர் கடுமையான அமிலம். அதைப் பற்றிக் கீழே வருகிறது. கியூஷு தீவின் குரொகாவாவில் மரத்தட்டு அனுமதிச் சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு மூன்று ரியோகான்களின் திறந்தவெளிக் குளங்களில் குளித்து வரலாம்.

முன்பதிவில் கவனிக்க வேண்டியவை

விலை அறைக்கு அல்ல, தலைக்கு. இணையத்தில் 20,000 யென் என்று பார்த்துவிட்டு இருவர் போனால் 40,000 ஆகும். இரண்டு வேளைச் சாப்பாட்டோடு நடுத்தர ரியோகானில் தலைக்கு 15,000 முதல் 30,000 யென் வரை எதிர்பார்க்கலாம். சனிக்கிழமை இரவு, ஏப்ரல் கடைசி முதல் மே முதல் வாரம் வரையிலான விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் ஓபொன் எனும் முன்னோர் விழா, புத்தாண்டு ஆகிய நாள்களில் இதைவிடக் கூடும். தனி ஆளுக்கு அறை தராத ரியோகான்கள் நிறைய உண்டு. தந்தாலும் தலைக்கட்டணம் கூடுதலாக இருக்கும். இதன்மேல் குளியல் வரி வேறு. பல ஊர்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 யென். இணையத்திலேயே முழுப் பணம் கட்டியிருந்தாலும் இதைக் கிளம்பும்போது ரொக்கமாகக் கேட்பார்கள். சிறிய ரியோகான்கள் சிலவற்றில் கார்டே வாங்குவதில்லை, அதனால் கையில் யென் இருக்கட்டும்.

மூன்று சொற்களைத் தெரிந்துகொண்டால் பட்டியலைப் படித்துவிடலாம். 'இப்பாக்கு நிஷொக்கு' என்றால் ஓர் இரவு, இரண்டு சாப்பாடு. 'சோஷொக்கு-ட்சுகி' காலை உணவு மட்டும். 'சுதொமாரி' சாப்பாடே இல்லாமல் அறை மட்டும். குளியல் பக்கத்திலும் இரண்டு சொற்கள்: 'கஷிகிரி' என்பது 45, 50 நிமிடம் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் பூட்டித் தரும் தனிக் குளியலறை, 'ரொத்தென்புரோ-ட்சுகி' என்பது அறையோடு சேர்ந்த சொந்தத் திறந்தவெளித் தொட்டி. பிறர் முன்னால் உடையில்லாமல் இருக்க முடியாது என்று உறுதியாகத் தெரிந்தால் இந்த இரண்டில் ஒன்றைத் தேடுங்கள். இரண்டாவது விலை அதிகம். முதலாவது சில இடங்களில் இலவசம், சில இடங்களில் தனிக் கட்டணம். வந்து இறங்கிய உடனே நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். மாலை ஐந்து மணிக்கான இடம்தான் முதலில் தீர்ந்துபோகும்.

வரும் நேரத்தை முன்பதிவிலேயே எழுதச் சொல்வார்கள். அது சம்பிரதாயம் இல்லை. இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரை, ஏழு என்று மூன்று பந்தி இருக்கும். கடைசிப் பந்தி தொடங்கிய பிறகு வந்தால் பல இடங்களில் சாப்பாடு கிடையாது, பணமும் திரும்பாது. பத்துப் பன்னிரண்டு வகையைச் சூடு, குளிர் பார்த்து உங்கள் நேரத்துக்குத் தயார் செய்கிறார்கள். தாமதமானால் அதை எடுத்து வைத்துத் தர வழியில்லை. ரயில் தவறிவிட்டதா, உடனே தொலைபேசியில் சொல்லுங்கள். நிலையத்திலிருந்து அழைத்துப் போக வண்டி அனுப்பும் ரியோகான்களும் உண்டு. அதையும் முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

பெரிய சக்கரப் பெட்டியை மலை ஊருக்கு இழுத்துப் போகாதீர்கள். தக்யூபின் என்ற பொதிச் சேவையில் முதல் நாளே அடுத்த நகர ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டு, ஓர் இரவுக்கான கைப்பையோடு போங்கள். ஹோட்டல் வரவேற்பிலேயே படிவம் கிடைக்கும். பாஸ்போர்ட்டை மட்டும் அதற்குள் வைத்து அனுப்பிவிட வேண்டாம். வெளிநாட்டுப் பயணியின் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் படி எடுப்பது ரியோகானின் சட்டக் கடமை.

சைவர்கள் இதைக் கட்டாயம் படிக்கவும்

'சைவம்' என்று ஒரே சொல்லில் முடித்தால் ஏமாறுவீர்கள். ஜப்பானியச் சமையலின் அடிப்படை தாஷி என்ற சாறு. பெரும்பாலும் அது கட்சுவொபுஷி, அதாவது காய வைத்துப் புகைபோட்ட சூரை மீனின் சீவல், கொம்பு என்ற கடற்பாசி இரண்டையும் சேர்த்து எடுப்பது. நம் ஊர் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம். கத்திரிக்காய் அவியல், தோஃபு, மிசோ எனும் நொதித்த சோயா விழுதில் வைக்கும் சூப், மாவில் தோய்த்துப் பொரித்த டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, முட்டைப் புட்டு என்று தட்டில் ஒரு துண்டு மீன்கூட இல்லாத பண்டங்களில்கூட அது இருக்கும். பரிமாறுகிறவர் 'இது காய்தான்' என்று சொல்வதில் பொய் இல்லை. அவர் பார்வையில் சாறு ஒரு பொருளாகவே கணக்கில் வராது.

ஆகவே என்னென்ன சாப்பிட மாட்டீர்கள் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள்: மாட்டிறைச்சி, பன்றி, கோழி, மீன், இறால், நண்டு, மீன் தாஷி. முட்டையும் பாலும் ஆகுமா ஆகாதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முன்பதிவு செய்யும்போதே எழுதி, ஒரு வாரத்துக்கு முன் மறுபடி உறுதி செய்யுங்கள். வந்து இறங்கியபின் சொன்னால் சமையலறையால் எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் தாஷி காலையிலேயே அண்டாவில் எடுத்தாகிவிட்டது. நேரில் சொல்ல ஒரு வாக்கியம்: "நிகு மோ, சகனா மோ, கட்சுவோ நோ தாஷி மோ தபேரரேமசென்." இறைச்சி, மீன், சூரை மீன் தாஷி எதுவும் சாப்பிட முடியாது என்று பொருள்.

முடியாது என்று பல ரியோகான்கள் நேர்மையாகப் பதில் எழுதும். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாமல் சுதொமாரி போட்டுவிட்டு, சாப்பாட்டை வெளியே பார்த்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: சிறிய மலை ஊர்களில் இரவு ஏழு மணிக்குமேல் கடைகள் அடைத்துவிடும். இறங்கும் ரயில் நிலையத்திலேயே ஏதாவது வாங்கி வையுங்கள். குளியலைவிடச் சாப்பாடுதான் முக்கியம் என்றால் வகாயாமா மாவட்டத்தின் கோயசான் மலையில் கோயில் விடுதிகள் இருக்கின்றன. அங்கே பரிமாறும் ஷோஜின் உணவில் இறைச்சியும் மீனும் கிடையாது. தாஷியையும் கடற்பாசியிலும் ஷிடாக்கே காளானிலும் எடுக்கிறார்கள்.

செருப்பு, பாய், யுகாத்தா

வாசலில் ஒரு படி உயரம் இருக்கும். அந்தப் படிக்குக் கீழே தெரு, மேலே வீடு. கீழே நின்று காலணியைக் கழற்றி, கழற்றிய காலைக் கீழ்த்தளத்தில் ஊன்றாமல் நேரே மேலே வையுங்கள். உங்கள் காலணியை அவர்களே எடுத்து வைப்பார்கள். நடைபாதையில் துணிச் செருப்பு போடலாம். அறைக்குள் தத்தாமி தொடங்கும் இடத்தில் அதையும் விட்டுவிட வேண்டும். கழிப்பறைக்குள் தனிச் செருப்பு இருக்கும். அதைப் போட்டுக்கொண்டே வெளியே வந்து அறை முழுக்க நடப்பதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு.

தத்தாமி என்பது நாணல் வகைப் புல்லில் நெய்த மேற்பரப்பு. பெட்டிச் சக்கரம் அதைக் கீறும், எண்ணெய்க் கறை போகாது. கொண்டுபோன ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பாயின்மேல் உட்கார்ந்து பிரிக்காதீர்கள். சுவரோரம் சற்றே உயர்ந்த மாடம் ஒன்றில் ஓவியச் சுருளும் பூவும் இருக்கும். அது தொக்கொனோமா, பெட்டி வைக்கும் மேடை அல்ல. தாள் ஒட்டிய தட்டிக் கதவை மரச்சட்டத்தில் கைவைத்துத் தள்ளுங்கள். தாளில் விரல் பட்டால் ஓட்டைதான். சாயங்காலம் அறையில் கட்டில் இல்லையே என்று தேட வேண்டாம். நீங்கள் இரவு உணவுக்குப் போயிருக்கும்போது ஆள் வந்து மேசையை நகர்த்தி ஃபுத்தோன் மெத்தை விரித்துவிடும். அறையிலேயே சாப்பாடு என்றால் சாப்பிட்டு முடித்தபின் விரிப்பார்கள். ஆகவே பணம், மருந்து, உள்ளாடைகளைத் தரையில் பரப்பி வைத்துவிட்டுப் போகாதீர்கள். மெத்தை மெல்லியது என்று முதுகு சொன்னால் இன்னொன்று கேளுங்கள், கொடுப்பார்கள்.

உள்ளே வந்ததும் நக்காய்-சான், அதாவது அறையைக் கவனிக்கும் பெண்மணி, தேநீரும் ஒரு இனிப்பும் வைப்பார். சாப்பிட்டுவிடுங்கள். வெறும் வயிற்றோடு வெந்நீரில் இறங்கினால் தலைசுற்றும். கொஞ்சம் சர்க்கரையும் தண்ணீரும் உள்ளே போகட்டும் என்பதற்கும் அது உதவும்.

யுகாத்தாவில் ஒரே ஒரு விதிதான் முக்கியம்: உங்கள் இடது பக்க மடிப்பு மேலே வர வேண்டும். வலது மேலே வந்தால் அது ஜப்பானில் பிணத்துக்கு உடுத்தும் முறை. சரிபார்க்க எளிய வழி, உங்கள் வலது கையை நெஞ்சருகே மடிப்புக்குள் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் நுழைந்தால் சரி. கச்சையை ஆண்கள் இடுப்பெலும்பின்மேல் தாழ்வாகவும் பெண்கள் இடையிலும் கட்டுவார்கள். வேட்டி கட்டிப் பழகியவருக்கு இது ஐந்து நிமிட வேலை. அளவு சிறிதாக இருந்தால் பெரியது கேட்கலாம். குளிர்காலத்தில் மேலே போட ஒரு தடித்த மேலங்கியும் அறையில் இருக்கும். இதே உடையில் ரியோகான் முழுக்க நடக்கலாம், சாப்பிடலாம், தூங்கலாம்.

குளியல்

முதல் குளியல் இரவு உணவுக்கு முன், நாலரை மணியளவில் இருந்தால் நல்லது. அறையிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியது உடை மாற்றும் அறையிலேயே இருந்துவிடும். சிறியது மட்டும் உள்ளே வரும். கணவன் மனைவியாகப் போகிறவர்கள் அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பல அறைகளுக்கு ஒரே சாவிதான். ஈரத் தலையோடு நடைபாதையில் காத்திருக்க நேரும்.

நகையை அறைப் பெட்டகத்திலேயே கழற்றி வையுங்கள். குசாத்சு போன்ற கந்தக ஊற்றுகளில் வெள்ளி சில நிமிடங்களில் கறுத்துவிடும். மெட்டி, கொலுசு, வெள்ளி அரைஞாண் மூன்றையும் புதியவர்கள் மறந்துவிடுவார்கள், ஏனென்றால் அவை உடம்போடு ஒட்டிப்போனவை. மெட்டியைக் கழற்ற மனமில்லை என்றால் கந்தக ஊற்று இல்லாத ஊராகத் தேர்ந்தெடுங்கள். கோபேக்குப் பக்கத்து அரிமாவில் 'கின்சென்' எனும் பொன்னீர் இரும்பும் உப்பும் கலந்து துரு நிறத்தில் இருக்கும்; அதில் வெள்ளைத் துண்டு நனைந்தால் காவியாகிவிடும்.

வாசலில் தொங்கும் துணித் திரைக்கு நோரென் என்று பெயர். வழக்கமாக நீலம் ஆண்கள், சிவப்பு பெண்கள். நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பார்த்து வையுங்கள். ஆண்கள் எழுத்தில் மேலே நாலு கட்டம் போட்ட சன்னல் மாதிரி ஒரு பெட்டி இருக்கும். பெண்கள் எழுத்தில் பெட்டியே கிடையாது, மூன்றே கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஏன் இவ்வளவு விளக்கம் என்றால், பல ரியோகான்களில் நள்ளிரவில் இரண்டு பக்கத்தையும் மாற்றிவிடுகிறார்கள், இரு தரப்பும் இரண்டு குளங்களையும் அனுபவிக்கட்டும் என்று. நேற்று மாலை இடப்பக்கம் போனோம் என்று அதிகாலை ஐந்தரைக்குத் தூக்கக் கலக்கத்தில் அதே பக்கம் நுழைகிறவர் பெண்கள் பகுதியில் போய் நிற்பார். ஒவ்வொரு தடவையும் திரையைப் படியுங்கள்.

உள்ளே கூடை இருக்கும். எல்லாவற்றையும் கழற்றி அதில் வையுங்கள். நீச்சலுடைக்கு அனுமதி இல்லை, உள்ளாடையும் கூடாது. கைப்பேசியைக் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள், மணி பார்க்கக்கூட வேண்டாம். கூச்சமாக இருந்தால் சிறிய துண்டை முன்னால் பிடித்துக்கொண்டு நடக்கலாம். ஜப்பானியர்களும் அப்படித்தான் நடக்கிறார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. முதல் மூன்று நிமிடம்தான் சங்கடம்.

அடுத்தது கழுவுதல். இதில் நமக்குப் பழக்கம் கைகொடுக்கும், ஏனென்றால் இது மொண்டு ஊற்றிக் குளிப்பதுதான். நுழைந்ததும் கதவருகே சிறிய தொட்டியும் அகப்பையும் இருக்கும். காலிலிருந்து தொடங்கி மேலே தோள் வரை எட்டுப் பத்து தடவை ஊற்றுங்கள். இதற்குக் 'கக்கெயு' என்று பெயர். அழுக்கும் போகும், உடம்பும் சூட்டுக்குப் பழகும். பிறகு சுவரோரம் வரிசையாக இருக்கும் குழாய்களில் ஒன்றைப் பிடித்து, குட்டி முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளியுங்கள். நின்றபடி குளித்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மீது தெறிக்கும். சோப்பு, ஷாம்பு, கண்டிஷனர் மூன்றும் அங்கேயே இருக்கும். எழுத்துத் தெரியாவிட்டால் தடவிப் பாருங்கள்: ஷாம்பு பாட்டிலின் பக்கவாட்டில் பெரும்பாலும் வரிவரியாக மேடு இருக்கும், கண்டிஷனரில் இருக்காது. நுரை ஒரு துளியும் மிச்சமில்லாமல் அலசுங்கள். எழும்போது முக்காலியின்மேலும் தண்ணீர் ஊற்றிவிட்டு, வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

அழுக்குப் போக்குவது இங்கேயே முடிந்துவிட்டது. அங்கே இருக்கும் பெரிய தொட்டி ஊறுவதற்கு, அந்த நீர் எல்லாருக்கும் பொது. எல்லா விதிகளும் இதிலிருந்துதான் வருகின்றன. துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது, தலைமேல் மடித்து வைத்துக்கொள்ளலாம் அல்லது கரையில் வைக்கலாம். நீளமான முடியைத் தூக்கிக் கட்ட வேண்டும். முங்கக் கூடாது, நீந்தக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் அன்று இரண்டு தடவை ஷாம்பு போடுங்கள். எண்ணெய்ப் படலம் நீரின்மேல் வட்டவட்டமாக மிதக்கும், அது யாருடையது என்று சொல்லவே வேண்டாம். மாதவிடாய் நாள்களில் பொதுக் குளத்தைத் தவிர்ப்பது வழக்கம். டயப்பர் போடும் குழந்தைகளையும் அனுமதிப்பதில்லை. அவர்களுக்குக் கஷிகிரிதான் வழி.

வெப்பம் பெரும்பாலும் 40 முதல் 42 டிகிரி. படிக்கட்டில் உட்கார்ந்து முதலில் இடுப்பு வரை ஒரு நிமிடம், பிறகு மெதுவாகத் தோள் வரை. முதல் முறை ஐந்து நிமிடம் போதும். வெளியே வந்து கரையில் உட்கார்ந்து ஆறிவிட்டு மறுபடி இறங்குங்கள். மொத்தம் பதினைந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், நாளைக்கு மூன்று தடவைக்குமேலும் வேண்டாம். காசு கொடுத்தாகிவிட்டதே என்று அரைமணி நேரம் ஊறுகிறவர்தான் மயங்கி விழுகிறார். வெந்நீரில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கும். சட்டென்று எழுந்து நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கி, தலைக்குப் போதாமல் கண் இருட்டும். எழும்போது விளிம்பைப் பிடித்து, விளிம்பிலேயே அரை நிமிடம் உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். கண் இருட்டினால் அங்கேயே தரையில் உட்கார்ந்து, கால்களில் குளிர்ந்த நீர் ஊற்றச் சொல்லுங்கள். மது குடித்துவிட்டு இறங்கவே கூடாது. சாப்பிட்ட பிறகும் ஒரு மணி நேரமாவது போகட்டும். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே போக வேண்டும். 42 டிகிரிக்கு மேற்பட்ட தொட்டி அவர்களுக்கு ஆகாது. கர்ப்பிணிகள் கூடாது என்று பழைய பலகைகளில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். 2014-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்தத் தடையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. வழுக்கலும் நீண்ட ஊறலும்தான் அவர்களுக்கு ஆபத்து.

வெளியே திறந்தவெளிக் குளம் இருந்தால் உள்ளே கொஞ்சம் ஊறிய பிறகு அங்கே போங்கள். தளக்கற்களில் பாசி இருக்கும். ஓடாமல், கைப்பிடியைப் பிடித்து நடங்கள். பனி விழும் இரவில் கழுத்துவரை வெந்நீரிலும் தலை குளிரிலும் இருக்கும்போது இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று தோன்றும். மேலே சொன்ன கணக்கு அங்கேயும் பொருந்தும்.

முடித்ததும் சிறிய துண்டைப் பிழிந்து, குளியலறைக்குள்ளேயே உடம்பைத் துடைத்துவிட்டு வெளியே வாருங்கள். சொட்டச் சொட்ட வந்தால் உடைமாற்றும் அறைத் தரை குளமாகும். ஊற்று நீரைக் குழாய்த் தண்ணீரால் கழுவிவிட வேண்டாம். தோலில் இருக்கும் தாது உப்புகள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். குசாத்சு போன்ற கடும் அமில ஊற்றுகள் விதிவிலக்கு. குசாத்சுவில் அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு 2-ஐ ஒட்டி, ஏறக்குறைய எலுமிச்சைச் சாறு. மென்தோல் உள்ளவர்கள் கடைசியில் நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ள வேண்டும், அன்று காலை முகச்சவரம் செய்தவர்களுக்கும் சுரீர் என்று எரியும்.

பச்சை குத்தியிருந்தால் முன்பதிவுக்கு முன்பே ரியோகானைக் கேளுங்கள். சிறியது என்றால் தோல் நிற ஒட்டுத்தாள் போதும் என்பார்கள், பெரியது என்றால் கஷிகிரி. கல்யாணத்துக்கு வைத்த மருதாணி கையோடு போகிறவர்கள், அது பச்சை அல்ல, இரண்டு வாரத்தில் போய்விடும் சாயம் என்று வரவேற்பிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளே போனபின் விளக்குவது கஷ்டம்.

வெளியே வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர். பக்கத்திலேயே கண்ணாடிப் பாட்டிலில் காபி கலந்த குளிர்ந்த பால் விற்கும் இயந்திரம் இருந்தால், அதற்கும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாடு

கைசெக்கி என்ற முறையில் சிறு சிறு தட்டுகளாக வரும்: தொடுபண்டம், தெளிந்த சூப், பச்சை மீன், சுட்டது, வேகவைத்தது, பொரித்தது, புளிப்பு. கடைசியில்தான் சோறு, மிசோ சூப், ஊறுகாய். அதன்பின் பழம். நமக்கு இது தலைகீழ். சோறு வரட்டும் என்று ஒவ்வொரு தட்டையும் காத்திருக்க வைத்தால் எல்லாம் ஆறிவிடும். சோறு முதலிலேயே வேண்டும் என்றால் கேட்பதில் தவறே இல்லை: "கோஹான் ஓ சகி நி ஒனெகாய்ஷிமஸ்." சிரித்துக்கொண்டே கொண்டுவந்து வைப்பார்கள்.

உங்கள் முன்னால் ஒரு குட்டி அடுப்பும் அதன்மேல் சின்னச் சட்டியும் இருக்கும். கீழே மெழுகுக் கட்டி போன்ற எரிபொருளை நக்காய்-சான் பற்ற வைப்பார். அது தானாக அணையும்வரை மூடியைத் திறக்காதீர்கள். அந்தக் கட்டி அணையும் நேரமே வேகும் நேரம். அவசரப்பட்டுக் கிளறினால் காய் அரைவேக்காடு, மறுபடி பற்றவைக்க வேறு கட்டி கிடையாது. குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவதும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றுவதும் இழவு வீட்டுச் சடங்கை நினைவூட்டும் செயல்கள். கரண்டி கேட்பது அவமானமில்லை. தரையில் சம்மணமிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார முடியாதவர்கள் நாற்காலி மேசை வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதினால் ஏற்பாடு செய்வார்கள்.

ஒன்பது, பத்து மணிக்குமேல் குரலைத் தணியுங்கள். பக்கத்து அறைக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் சுவர் பல இடங்களில் மெல்லியது. வீட்டுக்கு வீடியோ அழைப்பு போட இது நேரமல்ல.

காலை

ஐந்து அல்லது ஆறு மணிக்குக் குளியல் திறக்கும். கூட்டமில்லாத நேரம் இதுதான், அதனால் தூக்கம் போனாலும் பரவாயில்லை, போய் வாருங்கள். திரையைப் படிக்க மறக்காதீர்கள். ஒன்பது மணிவாக்கில் சுத்தம் செய்ய மூடிவிடுவார்கள். ஏழரை, எட்டு மணிக்குக் காலை உணவு: சோறு, சுட்ட மீன், மிசோ சூப், சுருட்டிய முட்டை, கடற்பாசித் தாள், உப்பில் ஊறிய புளிப்புப் பிளம். நத்தோ என்ற நொதித்த சோயாவும் இருந்தால், குச்சியால் நன்றாகக் கிளறிச் சோறோடு சாப்பிடுங்கள். நூல் நூலாக இழுக்கும். பிடிக்காவிட்டால் அப்படியே வைத்துவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

மெத்தையைச் சுருட்டி அலமாரியில் திணிக்க வேண்டாம். விரிப்பை மாற்ற அவர்கள் மறுபடி பிரிக்க வேண்டிவரும். போர்வையை லேசாக மடித்து வைத்தால் போதும். பத்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். கணக்கில் குளியல் வரியும் சாப்பாட்டோடு வாங்கிய பானங்களும் சேர்ந்திருக்கும். டிப்ஸ் தேவையில்லை, மேசையில் சில்லறை விட்டுப்போனால் மறந்துவிட்டீர்கள் என்று துரத்திக்கொண்டு வருவார்கள்.

யுகாத்தாவும் பெரிய துண்டும் அவர்களுடையவை, அறையிலேயே விட்டுவிடுங்கள். ரியோகான் பெயர் அச்சிட்டு பிளாஸ்டிக் உறையில் தந்த மெல்லிய சிறிய துண்டை மட்டும் பெரும்பாலும் எடுத்துப் போகலாம். ஈரத்தோடு இருந்தால் அதே உறையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். கந்தக ஊற்றில் நனைந்த துண்டு என்றால் பெட்டியில் இருக்கும் மற்றத் துணிக்கும் அழுகிய முட்டை வாடை ஏறிவிடும்.